மூன்று பேருக்கு ஓர் அமீர்

டீக்கடைக்குப் போக மூன்று பேர் கிளம்பினால்கூடப் பேட்டை உதுமான் மைதீன் தெருமுனையில் நின்றுவிடுவார். "இருங்க வே. அமீரு யாரு?" என்று கேட்பார். அமீர் என்றால் தலைவர். யாராவது ஒருவர் "நானே இருக்கேன்" என்று முன்னால் வந்தால் அவர் பெயர் கழிந்துபோகும். பதவியைக் கேட்கிறவருக்குக் கொடுக்கக் கூடாதாம். பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரின் தோளைத் தட்டி, "இன்னைக்கு நீருதான்" என்பார். அதற்குப் பிறகுதான் நடை. எந்தக் கடை, எந்தப் பெஞ்சு, வடை உண்டா இல்லையா எல்லாம் அமீர் சொல்படி.

மூன்று பேர் பயணம் போனால் தங்களில் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளட்டும் என்று நபிகள் நாயகம் சொன்னதைப் பள்ளிவாசல் பிரசங்கத்தில் எப்போதோ கேட்டவர் அவர். டீக்கடைக்குப் போவதெல்லாம் பயணத்தில் சேருமா என்று அவருடைய மச்சினர் ஒருமுறை மடக்கிப் பார்த்தார். "ரோட்டத் தாண்டணும்லா? அப்பம் பயணந்தான்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிவிட்டார்.

தொழில், மெத்தையும் தலையணையும். இலவம்பஞ்சை அடித்து, கொட்டை நீக்கி, உறைக்குள் திணித்து, கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பது. பழைய மெத்தை கட்டி தட்டிப்போனால் வீட்டுக்கே போய்ப் பிரித்து அடித்துத் தருவார். அதனால் அம்பாசமுத்திரம் வரை ஆற்றோரத்து ஊர்களில் அவர் காலடி படாத தெரு கிடையாது. நாளெல்லாம் பஞ்சில் கிடப்பதால் புருவமும் தாடியும் மூக்குத் துவாரத்து முடியும் வெளுத்திருக்கும். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு ஜும்ஆ தொழுகைக்கு வரும்போது மட்டும் பத்து வயது குறைந்துவிடும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அந்தப் பத்து வயதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. மார்க்க அறிவு எல்லாம் காதால் கேட்டது. கேட்டதில் பெரும்பாலானது தூக்கத்தில் போய்விட்டது என்பதை அவரே ஒப்புக்கொள்வார். தங்கிய கொஞ்சத்தை மட்டும் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். தொழுகை நடத்துகிறவர் பின்னால் நிற்கும் பலவீனர்களை நினைத்துச் சுருக்கமாக ஓத வேண்டும் என்பது அப்படித் தங்கியவற்றில் ஒன்று. புதிதாக வந்த இமாமுக்கு நல்ல குரல், நீளமாக ஓதினார். இரண்டாம் நாள் உதுமான் மைதீன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, "அசரத்து, கடைசி வரிசையில சுகர்காரங்க ஆறு பேரு நிக்கோம்" என்றார். மறுநாளிலிருந்து ஓதல் அளவாகிவிட்டது.

அவருடைய வீட்டில் அமீர் ஆவதற்கு ஆளே கிடைக்காது. காரணம், பத்தொன்பது பேராகச் சொந்தபந்தங்கள் ஒரு வேனில் மணிமுத்தாறு அணைக்குப் போனது. எல்லோரும் சேர்ந்து அன்று அவரையே அமீராக்கினார்கள். சோற்றுச் சட்டியை அவர்தான் தலையில் சுமந்தார். வழியில் வாந்தி எடுத்த பிள்ளைகளின் சட்டையை அவர்தான் அலசினார். எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, சட்டியின் அடியில் பிடித்ததைச் சுரண்டிச் சாப்பிட்டார். ஒரு கூட்டத்தின் தலைவர் என்பவர் அந்தக் கூட்டத்தின் வேலையாள் என்பது அவர் கடித்துப் பிடித்திருக்கும் இன்னொரு வாக்கு.

அவர் மனைவி ஷரீபா பீவி இதை யாரிடமும் சிரிக்காமல் சொல்வார். "தலைவருன்னா முன் சீட்டுல உக்காருவாகன்னு பாத்திருக்கேன். இவுக கடைசி சீட்டுல, மடியில மூணு பிள்ளையள வச்சுக்கிட்டுல்லா வந்தாக." அதன் பிறகு குடும்பத்தில் யாரைத் தலைவராக்கினாலும் அவருக்கு இடுப்புவலி வந்துவிடுகிறது.

ஊரில் இதையெல்லாம் ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தார்கள். தொண்ணூற்றிரண்டு நவம்பரில் தாமிரபரணி கரை புரண்ட நாள் வரைக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு மெத்தையும் ஆறு தலையணையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஜும்ஆவுக்குத் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் விடிந்ததுமே பாபநாசம் போகும் பஸ்ஸில் ஏறினார். மெத்தைகளைத் தார்ப்பாயில் சுற்றி, நீளமான வடக்கயிற்றால் பஸ்ஸின் மேல் கட்டியிருந்தது. மழை இரண்டு நாளாக விடவில்லை. சேரன்மகாதேவியைத் தாண்டி ஒரு தாழ்ந்த இடத்தில் ரோட்டின் மேல் ஓடிய தண்ணீருக்குள் பஸ் இறங்கியது. இன்ஜின் இரண்டு முறை செருமிவிட்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் முன்னால் ரோடு தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த ரோடும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வயல் இருந்த இடத்தில் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடியது. கண்டக்டர் ஞானையா என்ன செய்வதென்று தெரியாமல் விசில் ஊதினார். சேரன்மகாதேவிக்கே திரும்பி நடக்கலாம் என்றது ஒரு கூட்டம். பஸ் மேல் ஏறிவிடலாம் என்றது இன்னொன்று. ஒரு கைப்பிள்ளைக்காரி அழத் தொடங்கினாள்.

முன் சீட்டில் சுந்தர்ராமன் இருந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பஸ்ஸில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். யாரும் கேட்காமலே அவர் எழுந்து நின்று, எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும், பஸ் இரும்பு, அரசாங்கம் ஆள் அனுப்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உதுமான் மைதீனும் எழுந்தார். இத்தனை பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒன்று சொன்னால் ஆகாது, ஓர் அமீர் வேண்டும் என்றார். அவரைத் தெரிந்த இரண்டு பேர் அந்த நேரத்திலும் சிரித்தார்கள். மற்றவர்கள் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தார்.

ஆனால் உதுமான் மைதீன் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, எங்கன போவும்னு இங்க யாருக்குத் தெரியும்?"

பின்படிக்கட்டுப் பக்கத்தில், சீட்டுகள் காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண் மட்டும், "வாய்க்கா கரை உடைஞ்சிருக்குய்யா" என்றாள்.

அவள் சுடலைவடிவு. பக்கத்து ஊர்க் காலனியில் குடியிருப்பவள். நாற்பது வயதிருக்கும். இருபது வருஷமாக இந்த வயல்களில்தான் நடவும் களையும் அறுப்பும். அன்றும் நடவு உண்டா என்று கேட்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் அவள் குரல் தாழ்ந்துவிட்டது. உதுமான் மைதீன் பின்னால் நடந்து போய், மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொன்னாள்:

"இது வாய்க்காத் தண்ணிதான். ஆத்துத் தண்ணி இன்னும் வரல. அது வந்தா இந்த பஸ்ஸு நிக்காது. தெக்க சாஸ்தா கோயில் மேடு இருக்கு. போற வரப்பு எனக்குத் தெரியும். இப்பமே போனா இடுப்புத் தண்ணிதான்."

ஜன்னல் வழியே பார்த்தால் தெற்கே மரங்களின் தலை தெரிந்தது. நடுவில் முழுக்கத் தண்ணீர். வரப்பு என்று எதுவும் கண்ணில் படவில்லை.

"அமீரு கெடைச்சாச்சு" என்றார் உதுமான் மைதீன்.

பஸ்ஸுக்குள் பலவிதமான முனகல்கள் எழுந்தன. பொம்பளை என்பது ஒன்று. காலனிக்காரி என்பது ஒன்று. அதை வாய்விட்டுச் சொல்லாமல் அவளுடைய காலையும் கையையும் பார்த்தே சொன்னார்கள். தலைமையாசிரியர் மட்டும் நேராகக் கேட்டார்: "இவ பேச்சைக் கேட்டுண்டு முப்பத்தெட்டு பேர் வெள்ளத்துல இறங்கறதா?"

"முப்பத்தெட்டுப் பேருல அந்த வயலுக்குள்ள கால் வச்ச ஆளு இவங்க ஒருத்தங்கதான், சார்வாள்" என்றார் உதுமான் மைதீன். சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை.

அப்போது அவருக்கு ஹுதைபிய்யா நினைவுக்கு வந்தது. மக்கா போகும் வழியில் எதிரிகள் மறித்த அந்த இடத்தில், அந்த வருஷம் திரும்பிவிடுவது என்று உடன்படிக்கை முடிந்த பிறகு, பலியிட்டுத் தலைமுடி மழித்துக்கொள்ளுங்கள் என்று நாயகம் மூன்று முறை சொல்லியும், மனம் நொந்திருந்த தோழர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாயகம் கூடாரத்துக்குள் போய் மனைவி உம்மு சலமாவிடம் சொன்னார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள், வெளியே போய் நீங்கள் முதலில் செய்யுங்கள் என்றார் அந்த அம்மையார். நாயகம் அப்படியே செய்தார்கள். கூட்டம் முழுவதும் எழுந்தது. இந்தப் பிரசங்கத்தின்போது மெத்தைக்காரர் தூங்கவில்லை.

ஆகவே உதுமான் மைதீன் பேச்சை நிறுத்தினார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்தார். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். சுடலைவடிவைப் பார்த்து, "நான் எங்கன நிக்கணும்மா?" என்று கேட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. ஆற்றில் குளித்தாலும் படித்துறையின் மூன்றாம் படியைத் தாண்டாதவர். இதை அந்த பஸ்ஸில் யாரும் அறியவில்லை.

சுடலைவடிவு முதலில் கேட்டது, மேலே மெத்தை கட்டியிருந்த கயிறு. அதை அவரே ஏறி அவிழ்த்தார். கட்டு விட்டதும் கல்யாண மெத்தைகள் இரண்டும் தண்ணீரில் சரிந்து, நல்ல வேலைப்பாட்டோடு மிதந்து, தாமிரபரணியைத் தேடிப் போயின. தலையணைகளும் வாத்துக்கூட்டம்போல் பின்னால் போயின. அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கலிமாவை ஓதத் தொடங்கினார்.

முன்னால் போன சுடலைவடிவு திரும்பிப் பார்த்தாள். "பாய், கண்ண மூடாதீய. என் கொண்டையப் பாத்துக்கிட்டே வாங்க. கால தூக்கி வைக்காதீய, இழுத்து இழுத்து வைங்க."

அந்நியப் பெண்ணை ஏறிட்டுப் பாராமல் ஐம்பது வருஷம் வாழ்ந்துவிட்ட மனிதர், அமீரின் கட்டளைப்படி அந்தக் கொண்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் முந்நூறு அடி நடந்தார். காலுக்கடியில் வரப்பு இருந்தது. அவள் சொன்ன இடத்தில் இருந்தது, அவள் சொன்ன இடத்தில் திரும்பியது.

உதுமான் மைதீனுக்கு அடுத்து கண்டக்டர் ஞானையா இறங்கினார். பிறகு டிரைவர். பிறகு கைப்பிள்ளைக்காரி, பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. வரப்பு அறுந்திருந்த மூன்று இடங்களில் உயரமானவர்களை நிறுத்தி, கிழவர்களையும் பிள்ளைகளையும் கயிற்றுக்கு நடுவில் விட்டு, ஆளுக்கொரு வேலை கொடுத்து, சுடலைவடிவு மூன்று முறை போய்த் திரும்பினாள். மூன்றாவது நடையில் தலைமையாசிரியர் வந்தார். குடை வரவில்லை.

எல்லோரும் மேட்டில் ஏறி நின்று ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தபோது வடக்கே ஒரு இரைச்சல் கேட்டது. ஆற்றுத் தண்ணீர் வந்தது. பஸ் ஒரு முறை நடுங்கி, ஒருக்களித்து, வயலுக்குள் படுத்தது. மேல்கூரையில் ஏணிக் கம்பி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. முப்பத்தெட்டுப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் கடைசியாக மேடேறிய சுடலைவடிவு சேலையில் ஒட்டியிருந்த பாசியை உதறிக்கொண்டிருந்தாள். தலைவர் கடைசியில்தான் கரை ஏற வேண்டும் என்று அவளுக்கு எந்தப் பள்ளிவாசலிலும் யாரும் சொல்லவில்லையே என்று உதுமான் மைதீன் நினைத்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை.

கோயில் மேட்டில் மறுநாள் முற்பகல் வரை இருக்க வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் ஒரு கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுடலைவடிவு தயங்கித் தயங்கி அவரிடம் போய், பிள்ளைகள் தண்ணீர் ஓரமாகப் போகின்றன, நேரத்துக்கு நேரம் ஆளை எண்ணிப் பார்க்கப் படித்தவர்கள் ஒருவர் வேண்டும் என்று கேட்டாள். அவர் எழுந்தார். முப்பது வருஷம் வருகைப் பதிவேடு எடுத்தவர் அல்லவா, மணிக்கொரு முறை எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது, "சுடலைவடிவு அம்மா" என்று கூப்பிட்டார். ஒருவர் பையில் இரண்டு சீப்பு வாழைப்பழம் இருந்தது. இன்னொருவரிடம் முறுக்குச் சம்படம். பிள்ளைகளுக்கு முதலில், பெரியவர்களுக்குப் பிறகு என்று அவள்தான் பிரித்தாள். கடைசியில் அவளுக்கும் உதுமான் மைதீனுக்கும் சேர்த்து ஒரு பழம் மிஞ்சியது. அதை ஒடித்து, பெரிய துண்டை அவள் அவரிடம் நீட்டினாள். அமீர் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் விசாரணை. விசாரணை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. தொழுகை முடிந்து நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். உயிர் பிழைத்தது சரி, ஒரு பொம்பளையை அமீர் ஆக்கினீராமே, அதற்கு எதிராக நபிமொழியே இருப்பது தெரியாதா என்று ஜமாஅத் செயலாளர் கேட்டார்.

"தெரியும். அது என்ன எடத்துல சொன்னதுன்னு அசரத்து வெளக்கட்டும், நான் படிக்காதவன்" என்றார் உதுமான் மைதீன். "உம்மு சலமா நாயகி சொன்ன யோசனைய நாயகமே கேட்டு நடந்தாங்க. அதுக்கு மேல எனக்கு யோக்கியத கெடையாது."

செயலாளர் இமாமைப் பார்த்தார். இமாம் தாடியைத் தடவிக்கொண்டு, இரண்டு செய்தியும் உண்மைதான், மெத்தைக்காரர் தமக்குத் தேவையானதைச் சரியான நேரத்தில் நினைத்துக்கொண்டார் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அவர் இப்போதெல்லாம் எல்லாவற்றையும் சுருக்கமாகவே சொல்கிறார்.

அந்தக் கல்யாண வீட்டுக்கு வேறு இரண்டு மெத்தை தைத்துக் கொடுத்தார் உதுமான் மைதீன். அவரை ஜமாஅத்தின் தலைவராக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அவருக்கு அதில் ஆசை தட்டிவிட்டதாம். ஆசை தட்டியது தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "உள்ளுக்குள்ள இனிச்சுதுவே. இனிச்சா ஆவாது" என்று ஷரீபா பீவியின் முன்னாலேயே சொன்னார். உங்களுக்கு இனித்தால் எனக்குத்தானே பாத்திரம் கழுவுகிற வேலை மிஞ்சியிருக்கும் என்பதுபோல் பீவி அவரைப் பார்த்தார்.

சுடலைவடிவு இப்போது ஊராட்சித் தலைவர். தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தபோது அவர் ஊரின் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வெள்ளத்தில் பிழைத்தவர்களின் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் அந்த ஊரில் இருந்தார்கள். ஜெயித்துவிட்டார். ஊராட்சி அலுவலகத்துக்கு நீங்கள் இன்று போனால், மேசைக்குப் பின்னால் கைவைத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். முதல் நான்கு மாதம் அப்படி இல்லை.

அந்த நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்தவர் துணைத் தலைவர் பரமசிவன். ஊரில் பாதி வயல் அவருடையது. தலைவர் பீரோ ஓரமாக நின்றுகொண்டு, அவர் நீட்டும் காகிதங்களில் கையெழுத்துப் போடுவார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. எழுத்தருக்கும் உறுப்பினர்களுக்கும் அது பழகிவிட்டது.

பால்வாடிப் பிள்ளைகள் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கின்றன, மெத்தை தைக்க வேண்டும் என்று சுடலைவடிவு பேட்டைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். உதுமான் மைதீன் பஞ்சு காட்டுவதற்கு ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த நான்காம் மாதக் கடைசியில் ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார். வாசலில் நின்று அறையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பீரோ ஓரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மேசையைக் கடந்து, பீரோவுக்கு முன்னால் நின்று, "தலைவர் வரச் சொல்லியிருந்தீங்க" என்றார்.

பரமசிவன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதிரே கிடந்த ஸ்டூலைக் காட்டி, "உக்காரும் பாய். அளவெல்லாம் எங்கிட்டச் சொல்லும்" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. தலைவர் நிக்காங்கள்லா."

சாதாரணமாகத்தான் சொன்னார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுத்தர் பேனாவை மூடினார். ஒரு உறுப்பினர் பெஞ்சில் பாதி எழுந்து, எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். சுடலைவடிவு தரையைப் பார்த்தார். பரமசிவன் இரண்டாம் முறை ஸ்டூலைக் காட்டினார்.

உதுமான் மைதீன் புன்னகைத்தார். பஞ்சு மூட்டையை வலது தோளிலிருந்து எடுத்து இடது தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி, வசதியாக நின்றார்.